சூடு வேறு, மணி வேறு

போன தீபாவளி ராத்திரி ஒன்பதரை மணி இருக்கும். சென்னையில் இருக்கும் என் மகள் போனில் அழுதாள். வெடிச் சத்தத்துக்கு மிரண்டு அவர்கள் வீட்டு நாய் கேட்டைத் தாண்டி ஓடிவிட்டது. "அப்பா, அதுக்குத்தான் சிப் போட்டிருக்கோமே, எங்க இருக்குன்னு பாக்க வழியில்லையா?" என்று கேட்டாள். படித்த பிள்ளை, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அவளுக்கே, சிப் போட்டுவிட்டால் நாய் எங்கே போனாலும் போனில் புள்ளியாகத் தெரியும் என்ற எண்ணம்.

நாய் மூன்றாம் நாள் கிடைத்தது. இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு வீட்டு வாசலில் படுத்திருந்ததாம். அந்த வீட்டுக்காரர் நல்ல மனிதர், பக்கத்தில் இருந்த கால்நடை மருத்துவரிடம் கூட்டிப் போயிருக்கிறார். மருத்துவர் படிக்கும் கருவியைத் தோளருகே வைத்ததும் பதினைந்து இலக்க எண் வந்துவிட்டது. அந்த எண்ணைப் பதிவேட்டில் தேடினால் மகளின் பெயரும் வந்தது. ஆனால் கூடவே வந்த போன் எண், அவள் நாலு வருஷத்துக்கு முன்பே விட்டுவிட்ட பழைய எண். கடைசியில் நாயின் படத்தை அந்தப் பகுதி வாட்ஸ்அப் குழுவில் போட்டுத்தான் வீடு வந்து சேர்ந்தது. சிப் தன் வேலையைச் சரியாகச் செய்தது. பதிவேட்டை நாங்கள்தான் கவனிக்காமல் விட்டோம்.

பட்டணத்து நாய்க் கதை இயற்கை வேளாண்மைப் பத்திரிகையில் எதற்கு என்று கேட்பீர்கள். அதே குழப்பம் இப்போது எங்கள் ஊர் மாட்டுக் கொட்டகைக்கே வந்துவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

பொங்கல் கழித்து எங்கள் பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஒருவர் வந்தார். நாட்டு மாடு ஆறு வைத்திருக்கிறார். "சாருங்க, மாட்டுக்கு சிப் போட்டுட்டா எங்க போனாலும் போன்லயே தெரியுமாமுங்க. திருட்டுப் போனாலும் புடிச்சுரலாம்னு சொல்றாங்க. மாட்டுக்கு ரண்டாயிரம் கேக்கறாங்க. போடலாமுங்களா?" என்றார். விற்க வந்தவர் கொடுத்த காகிதத்தில் இருந்த படத்தைப் பார்த்தேன். அரிசி மணி அளவில் ஒரு கண்ணாடிக் குப்பி. என் மகள் வீட்டு நாயின் தோளில் இருப்பதும் அதுதான். "தம்பி, இது மாடு எங்க இருக்குன்னு சொல்லாது. யாரு மாடுன்னுதான் சொல்லும்" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால் காசும் போகும், நம்பிக்கையும் போகும். எனக்குத் தெரிந்தவரை எளிமையாகச் சொல்கிறேன்.

மைக்ரோசிப் என்பது சுமார் 12 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் தடிமன் உள்ள கண்ணாடிக் குப்பி. ஊசி மூலம் தோலுக்கடியில் செலுத்துவார்கள். அதற்குள் பேட்டரி கிடையாது. தானாக எதையும் அனுப்பாது, சும்மா கிடக்கும். படிக்கும் கருவியைப் பக்கத்தில் கொண்டுபோனால், அந்தக் கருவி அனுப்பும் 134.2 கிலோஹெர்ட்ஸ் அலையிலிருந்தே சக்தியை வாங்கிக்கொண்டு தன் எண்ணை மட்டும் சொல்லும். சில சென்டிமீட்டர் தூரத்துக்குள் கருவியை வைத்தால்தான் உண்டு. பேட்டரி இல்லாததால்தான் அது பிராணியின் ஆயுள் முழுக்க வேலை செய்கிறது. அதே காரணத்தால்தான் அது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் சொல்ல முடியாது. அதன் பலமும் பலவீனமும் ஒன்றேதான்.

ஜி.பி.எஸ். பட்டை வேறு சாதனம். சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சமிக்ஞையைக் கேட்டு, தான் பூமியில் எங்கே இருக்கிறோம் என்று அது கணக்குப் போட்டுக்கொள்ளும். இங்கே பலரும் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. செயற்கைக்கோள் நம் மாட்டைப் பார்ப்பதில்லை. பட்டைதான் செயற்கைக்கோளைக் கேட்கிறது. கேட்டுத் தெரிந்துகொண்ட இடத்தை நம் போனுக்குச் சொல்ல அதற்குத் தனி வழி வேண்டும். பெரும்பாலும் உள்ளே ஒரு சிம் கார்டு இருக்கும். இல்லாவிட்டால் லோரா என்கிற ரேடியோ முறை. அதற்கு மேட்டில் ஒரு ஆண்டெனா நடவேண்டும், திறந்த வெளியில் சில கிலோமீட்டர் எட்டும். எதுவானாலும் பேட்டரி வேண்டும், சார்ஜ் போடவேண்டும், சிம்முக்குப் பணம் கட்டவேண்டும். ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் இடம் கேட்டால் சார்ஜ் சீக்கிரம் தீரும். நாளைக்கு நாலுதரம் கேட்டால் நாள்பட வரும். இத்தனையையும் அரிசி மணிக்குள் அடைத்துத் தோலுக்கடியில் வைக்க முடியாது. நீர் நிறைந்த சதை செயற்கைக்கோளின் மெல்லிய சமிக்ஞையையும் தடுத்துவிடும். அதனால்தான் அது எப்போதும் கழுத்துக்கு வெளியே தொங்குகிறது.

சாவிக்கொத்தில் மாட்டுகிற புளூடூத் வில்லை மூன்றாவது ரகம். பக்கத்தில் யாராவது போனோடு நடந்துபோனால்தான் அது தன் இடத்தைச் சொல்லும். பட்டணத்துத் தெருவில் பயன்படும். கரட்டுக் காட்டில் மேயும் மாட்டுக்குப் பக்கத்தில் யார் போனோடு நிற்கப் போகிறார்கள்?

இதெல்லாம் புதுச் சரக்கு என்று நினைக்கவேண்டாம். கேள்வி இரண்டும் பழசு. நம் தாத்தன் பாட்டன் அந்த இரண்டுக்கும் தனித்தனியாக விடை வைத்திருந்தார்கள். "யாரு மாடு?" என்ற கேள்விக்குச் சூடு. தொடையில் ஒரு குறி, ஆட்டுக்குக் காதில் ஒரு வெட்டு. பவுண்டில் அடைத்த மாட்டை மீட்கப் போனால் அதுதான் சாட்சி. "மாடு எங்கே?" என்ற கேள்விக்கு மணி. புதருக்குள் மறைந்து மேய்கிற மாட்டை மணியோசை காட்டிக்கொடுக்கும். சூட்டைப் பார்த்து மாட்டைத் தேடியவரும் இல்லை, மணியைக் காட்டி மாடு என்னுடையது என்று வழக்காடியவரும் இல்லை. சிப் என்பது சுடாத சூடு. ஜி.பி.எஸ். என்பது தூரத்துக்குக் கேட்கிற மணி. இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டால் விற்க வருகிறவர் ஏமாற்ற முடியாது.

இரண்டில் நம்மைப் போன்ற சிறு உழவருக்கு எது முதலில் வேண்டும்? என் பதில், அடையாளம்தான். இதை நான் வங்கியில் கற்றுக்கொண்டேன், அதுவும் ஒரு கெட்ட அனுபவத்தில்.

1980-களில் ஒருங்கிணைந்த கிராம வளர்ச்சித் திட்டத்தில் கறவை மாட்டுக் கடன் கொடுத்தோம். மாட்டுக்குக் காப்பீடு கட்டாயம், காதில் வில்லை கட்டாயம். மாடு செத்தால் மருத்துவர் சான்றோடு வில்லையையும் ஒப்படைக்க வேண்டும். 'வில்லை இல்லையேல் இழப்பீடு இல்லை' என்பது விதி. அந்த விதி சும்மா வரவில்லை. ஒரே மாட்டை நாலு பேர் ஓட்டிவந்து காட்டிய காலம் அது. ஆனால் விதி திருடனைத் தடுப்பதற்கு முன்னால் ஏழையைத்தான் பிடிக்கும். கணவரை இழந்த ஒரு அம்மாவின் மாடு முள்வேலியில் காதை உரசி வில்லையைப் பிய்த்துக்கொண்டது. புது வில்லை போட உடனே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. நாங்களும் சொல்லி வைக்கவில்லை. மூன்று வாரத்தில் மாடு செத்தது. செத்தது அதே மாடுதான் என்று ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். காகிதத்தில் நிரூபிக்க முடியவில்லை. இழப்பீடு மறுக்கப்பட்டது, அந்தக் கடிதத்தை நான்தான் அவர் கையில் கொடுத்தேன். கூலி வேலை செய்து மூன்று வருஷத்தில் கடனை அடைத்தார். அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இன்றைக்கு நிலைமை மாறியிருக்கிறது. தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 2019 செப்டம்பரில் தொடங்கியபின் கோமாரித் தடுப்பூசி போடும்போதே பன்னிரண்டு இலக்க எண் உள்ள மஞ்சள் வில்லையையும் போடுகிறார்கள். நம் ஊரில் 'கம்மல்' என்கிறோம். இயற்கை உழவர் சிலர் "மாட்டுக்கு எதுக்கு ஆதார் நம்பர்?" என்று கேலி செய்து, வில்லை போட விடாமல் ஓட்டிப் போய்விடுகிறார்கள். காது புண்ணாகும், ஈ மொய்த்துப் புழு வைக்கும் என்ற பயமும் இருக்கிறது. அந்தப் பயம் நியாயம். போட்ட இடத்தில் பத்து நாள் வேப்பெண்ணெயும் மஞ்சளும் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் வில்லையே வேண்டாம் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அடையாளமில்லாத மாட்டுக்கு நாளைக்கு நாம் பேச வாயில்லை.

அப்படியானால் வில்லைக்குப் பதில் நாய்க்குப் போடுகிற சிப்பையே போட்டுவிட்டால் பிய்ந்து விழாதே என்று கேட்கலாம். பாலுக்கும் இறைச்சிக்கும் வளர்க்கும் கால்நடையில் சிப் சதைக்குள் நகர்ந்து போய் இறைச்சியோடு சேர்ந்துவிடக் கூடாது. அதனால்தான் பல நாடுகளில் மாட்டுக்கு மின்னணுக் காது வில்லை போடுகிறார்கள், அல்லது இரைப்பையில் தங்கிவிடும் பீங்கான் உருளையை விழுங்க வைக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் மாடு ஒரு பண்ணையிலிருந்து இன்னொரு பண்ணைக்குப் போனால் அந்த மின்னணு வில்லையின் எண்ணோடு பதிய வேண்டும். நோய் வந்தால் மாடு எங்கெங்கே போய்வந்தது என்று பின்னோக்கித் தேட முடிகிறது. அங்கேயும் இடத்தைச் சொல்வது சிப் இல்லை, ஒழுங்காக எழுதிய பதிவேடு. இங்கிலாந்தில் 2016 முதல் நாய்களுக்கு சிப் கட்டாயம். முகவரியோ போன் எண்ணோ மாறினால் பதிவேட்டில் மாற்றுவதும் அங்கே உரிமையாளரின் சட்டக் கடமை. சென்னை மாநகராட்சியும் வளர்ப்பு நாய்க்கு சிப் கட்டாயம் என்று ஆக்கியிருக்கிறது. சிப் குத்துவது ஒரு நிமிஷ வேலை. பதிவேட்டை உயிரோடு வைத்திருப்பதுதான் வருஷக் கணக்கான வேலை. வங்கியில் ஒரு கணக்குக்கு நாங்கள் திரும்பத் திரும்ப விலாசச் சான்று கேட்டது உங்களுக்கு எரிச்சலாக இருந்திருக்கும். இப்போது என் மகளுக்குப் புரிந்திருக்கும்.

திருட்டு விஷயத்துக்கு வருகிறேன். தம்பிக்கு விற்க வந்தவர் சொன்னது இதைத்தான். உண்மை என்னவென்றால், திருடன் முதலில் கழுத்துப் பட்டையைத்தான் அறுத்து வீசுவான். போனில் புள்ளி ஏதோ ஒரு ஓடைக்கரையில் அசையாமல் நிற்கும், மாடு வண்டியில் போய்க்கொண்டிருக்கும். காது வில்லையையும் அறுக்கலாம். தோலுக்கடியில் இருக்கும் சிப்பை எடுப்பது கஷ்டம், ஆனால் சந்தையில் யாரிடம் படிக்கும் கருவி இருக்கிறது? கேட்பவர் இல்லாத ஊரில் சிப் ஊமை. ஆக, திருட்டைத் தடுக்கும் சாதனம் என்று இரண்டில் எதையும் வாங்காதீர்கள். திருட்டுப் போன மாடு பிடிபட்டால் உங்களுடையது என்று நிரூபிக்க அடையாளம் உதவும். அவ்வளவுதான்.

இருப்பிடக் கருவியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டிய இடம் இருக்கிறது. எங்கள் அந்தியூருக்கு மேலே பர்கூர் மலையில் காட்டுக்குள் பட்டி போட்டு மாடு வளர்க்கிறார்கள். சிவகங்கைப் பக்கம் புலிக்குளம் மாடுகளைக் கூட்டம் கூட்டமாக ஓட்டிப்போய் வயல்வயலாகக் கிடை போடுகிறார்கள். நூறு மாட்டில் நாலு மாடு தப்பிவிட்டால் இரண்டு நாள் தேடவேண்டும். அப்படிப்பட்ட மந்தையில் எல்லா மாட்டுக்கும் பட்டை வேண்டாம். முன்னால் போகும் ஒன்றிரண்டு மாட்டுக்குக் கட்டினாலே மந்தை எங்கே என்று தெரியும். ஆனால் வாங்கும்முன் ஒரு சோதனை செய்யுங்கள். மாடு மேயும் இடத்துக்கு உங்கள் போனை எடுத்துக்கொண்டு போய் சிக்னல் வருகிறதா என்று பாருங்கள். போனுக்கு வராத சிக்னல் பட்டைக்கும் வராது. செயற்கைக்கோள் இடத்தைச் சொல்லும், பட்டை அதை வாங்கிக்கொள்ளும், உங்களுக்குச் சொல்ல வழியில்லாமல் மாட்டோடு சுற்றிக்கொண்டிருக்கும்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. சிப்பில் இருப்பது ஒரு எண் மட்டும். ஜி.பி.எஸ். பட்டையோ நாள் முழுக்க எழுதிக்கொண்டே இருக்கிறது. மாடு எத்தனை மணிக்கு எங்கே இருந்தது, எந்தக் காட்டுக்குள் போனது, எவ்வளவு நேரம் நின்றது என்று எல்லாம் எங்கோ ஒரு கம்பெனியின் கணினியில் சேர்கிறது. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் வனங்களில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்து, பிறகு அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்ற அளவுக்குச் சுருக்கியது நினைவிருக்கும். எல்லைக்கோடு மாட்டுக்குத் தெரியாது. மேய்ச்சல் உரிமை இன்னும் தீராத வழக்காக இருக்கும் ஊரில், மேய்க்கிறவர் தன் காசில் வாங்கிக் கட்டிய பட்டையே நாளைக்கு அவருக்கு எதிரான சாட்சியாகலாம். அதே பதிவு அவருக்குச் சாதகமாகவும் ஆகலாம், காலங்காலமாக இந்த வழியில்தான் மேய்த்தோம் என்று காட்ட. எந்தப் பக்கம் சாயும் என்பது, அந்தப் பதிவு யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. விதையை நம் கையில் வைத்துக்கொள்ள இத்தனை வருஷம் போராடியவர்கள் நாம். மாட்டின் கால்தடத்தைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடக் கூடாது. விற்பவரிடம் கேளுங்கள்: இந்த விவரம் எங்கே சேர்கிறது? யார் பார்க்கலாம்? நான் சொன்னால் அழிப்பீர்களா? பதில் எழுத்தில் வராவிட்டால் வாங்காதீர்கள். வாங்குவதாக இருந்தாலும் உழவர் குழுவாகச் சேர்ந்து வாங்கி, விவரம் குழுவின் கையில் இருக்குமாறு ஒப்பந்தம் செய்யுங்கள்.

நம் இயக்கம் அரசிடம் கேட்கவேண்டியதும் உண்டு. மாடு விற்கும்போது பெயர் மாற்றம் சந்தையிலேயே நடக்கவேண்டும். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தை மாதிரி பெரிய சந்தைகளில் ஒரு மேசை போட்டு இதைச் செய்தால் போதும். பிய்ந்த வில்லைக்குப் பதில் வில்லை, கேட்ட அன்றே கிடைக்க வேண்டும். பல வீட்டில் மாட்டைக் கட்டிப் பால் கறந்து பார்ப்பது அம்மா, பதிவில் இருப்பது ஐயாவின் பெயரும் போன் எண்ணும். மாடு யார் பொறுப்பிலோ அவர் பெயரில் பதிய வேண்டும். இழப்பீடு வருகிற அன்று அது யார் கையில் சேர்கிறது என்பதை இந்த ஒரு வரி தீர்மானிக்கும்.

அரசு செய்கிறவரை காத்திருக்கத் தேவையில்லாத வேலையும் இருக்கிறது. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். மாட்டுக்கு ஒரு பக்கம். வில்லை எண், நிறம், கொம்பின் அமைப்பு, வால் குஞ்சத்தின் நிறம், சுழி எங்கெங்கே இருக்கிறது, ஈன்ற தேதி, தடுப்பூசி தேதி எல்லாம் எழுதுங்கள். நம் பெரியவர்கள் சுழி பார்த்தது ராசிக்காக மட்டும் இல்லை, மாட்டை அடையாளம் சொல்லவும் அதுதான் வழி. வில்லை எண் தெரிகிற மாதிரி இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். ஈர மூக்கின் மேல் இருக்கும் வரிகள் மனிதரின் கைரேகை மாதிரி, மாட்டுக்கு மாடு வேறு. அதையும் கிட்டத்தில் ஒரு படம் எடுங்கள். செலவு நோட்டுக் காசுதான்.

தம்பியிடம் இதைத்தான் சொன்னேன். அவருடைய ஆறு மாடும் வேலிக்குள் மேய்கிறவை, ராத்திரி கொட்டகையில் கட்டுகிறார். அவருக்கு ஜி.பி.எஸ். தேவையில்லை. பன்னிரண்டாயிரம் ரூபாயில் கொட்டகைக்கு ஒரு கதவும் விளக்கும் போடச் சொன்னேன். பிறகு இருவரும் போய் ஒவ்வொரு மாட்டின் காதையும் பார்த்தோம். ஒன்றில் வில்லை இல்லை. எப்போது விழுந்தது என்று அவருக்கே தெரியவில்லை. அந்த மாட்டுக்குக் காப்பீடு இருந்தது.

இன்றைக்குச் சாயங்காலம் மாட்டைக் கட்டும்போது உங்கள் மாட்டின் காதையும் ஒருதரம் பாருங்கள். எண் இருக்கிறதா, அழியாமல் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். நாளைக்குக் கால்நடை மருந்தகத்துக்குப் போய் அந்த எண்ணைச் சொல்லி, எந்தப் பெயரில், எந்தப் போன் எண்ணில் பதிவாகியிருக்கிறது என்று கேட்டுவிட்டு வாருங்கள்.